பதினேழு கடிதங்கள்

கிண்ணியாவில் கடலேரிப் பக்கமாக இருக்கும் ஒரு பாடசாலைக்குத் திரும்புகிற சந்தியில் லைலாவின் மில் இருக்கிறது. அரிசி, மிளகாய், மல்லி அரைக்கிற சின்ன மில்தான். மாமனார் தொடங்கியது. அவர் மவுத்தான பிறகு லைலாதான் அதை நடத்துகிறாள். கணவன் றுவைஸ் மீன்பிடிக்குப் போகிறவன். மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துக் கதைத்து லைலாவின் குரல் உரத்துவிட்டது. அவள் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொல்வது அடுத்த வளவுக்கும் கேட்கிறது என்று மகள் ஷிஃபானா அடிக்கடி குறைப்படுவாள்.

லைலா பிறந்தது மூதூரில். படிப்பில் கெட்டிக்காரி, அதிலும் கணக்கு அவளுக்கு மிகவும் பிடித்த பாடம். பதினோராம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆகஸ்டில், ஊரில் சண்டை வந்தது. குடும்பத்தோடு கந்தளாய்க்கு நடந்து போனார்கள். திரும்பி வந்து பார்த்தபோது அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் இல்லை. அந்த வருடம் அவள் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையை எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள். அடுத்த வருடம் வாப்பா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். அதற்கடுத்த வருடம் அவளுக்குக் கலியாணமாகி கிண்ணியாவுக்கு வந்துவிட்டாள். இதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை, சொல்லிக்கொண்டு திரிந்ததும் இல்லை. ஆனால் ஷிஃபானா ஆறாம் ஆண்டுக்குப் போன நாளிலிருந்து பாடசாலையில் நடந்த பெற்றார் கூட்டம் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. போவாள், முன்வரிசைக் கதிரையில் இருப்பாள், சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு வருவாள்.

ஷிஃபானா பதினோராம் ஆண்டு படித்த அந்த ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை, அவள் பாடசாலை விட்டு வந்து மில்லுக்குள் எட்டிப் பார்க்காமல் பின்பக்கத்தால் குசினிக்குள் போய்விட்டாள். லைலா மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தாள். பிள்ளை சீருடையோடு நிலத்தில் இருந்தாள். நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினாள்.

தட்டச்சுச் செய்த கடிதம். “எனது பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு எனது முழுமையான சம்மதத்தைத் தெரிவிக்கிறேன்.” கீழே பெற்றாரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“ஆர் தந்தது?”

“வகுப்பு டீச்சர். பதினேழு பேருக்குக் குடுத்திருக்கு. தவணைப் பரீட்சையில கணக்கில முப்பதுக்குக் குறைவா எடுத்த ஆக்கள். நாங்க பாடசாலைப் பேரில எழுதினா சித்தி வீதம் குறைஞ்சிடுமாம். இனி வகுப்புக்கும் வரத் தேவையில்ல, வீட்டில இருந்து படிக்கட்டாம்.”

“நீ எவ்வளவு எடுத்தாய்?”

“இருபத்திரெண்டு.”

முந்தைய வருடம் அந்தப் பாடசாலையின் பெறுபேறு விழுந்திருந்தது. கல்வி வலயத்தின் பட்டியலில் கடைசியிலிருந்து மூன்றாவது இடம். அதைப் பற்றி ஊரில் எல்லோரும் கதைத்தார்கள். பலவீனமான பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த வருடம் வீதம் உயர்ந்துவிடும் என்பது யாருடைய யோசனை என்று லைலாவுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலையில் அதிபர் அபூதாஹிரைப் பார்க்கப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். ஆனால் வலயக் கூட்டத்தில் எல்லா அதிபர்கள் முன்னாலும் அவரை எழுப்பி விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த அவமானம் அவரை விட்டுப் போகவில்லை.

“இது நான் தனிய எடுத்த முடிவில்ல. அபிவிருத்திக் குழு கூடி எடுத்த முடிவு” என்றார் அவர்.

“குழுவில ஆர் சேர் இருக்கிறது?”

“பெற்றார்தான். செயலாளர் முனாஸ் ஹாஜியார், மற்ற அங்கத்தவர்கள். எல்லாரும் நீங்கள் தெரிவு செய்த ஆக்கள்.”

“நாங்க எப்ப தெரிவு செய்தம்?”

“போன வருசப் பொதுக்கூட்டத்தில. நீங்களும் இருந்தீங்கள்.”

லைலாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மண்டபம் நிறையத் தாய்மார். மேடையில் ஆண்கள். வன்பொருள் கடை முனாஸ் ஹாஜியாரையே மறுபடியும் செயலாளராகப் போடுவோம் என்று யாரோ முன்மொழிந்தார்கள். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். எட்டாவது வருடமாக அவர்தான். தானும் கையை உயர்த்தியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. உயர்த்தும்போது வீட்டில் உலையில் போட வேண்டிய அரிசியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் நன்றாக நினைவிருந்தது.

வெளியே வந்தபோது கணித ஆசிரியர் தனஞ்சயன் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். சாம்பல்தீவிலிருந்து நாள்தோறும் பாலங்களைக் கடந்து வருகிறவர். அவளுடைய கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“கையெழுத்துப் போட்டிட்டீங்களோ?”

“இல்ல சேர்.”

“போடாதேங்கோ. பாடசாலையில பதிவிருந்து வரவும் சரியா இருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியா விண்ணப்பிக்க உரிமை இருக்கு. நீங்களாகச் சம்மதிச்சு எழுதிக் குடுத்தால்தான் அவையளுக்கு வசதி. நான் கூட்டத்தில சொல்லிப் பார்த்தனான். எடுபடயில்லை.” சிறிது தயங்கிவிட்டு மறுபடியும் சொன்னார்: “பொதுக்கூட்டம் மார்ச்சில நடக்க வேண்டியது. தள்ளித் தள்ளி இப்ப இருபத்தி நாலாம் திகதி சனிக்கிழமை வைக்கினம். செயலாளர் பதவிக்கு எந்தப் பெற்றாரும் போட்டி போடலாம். முன்மொழிய ஒரு ஆள், வழிமொழிய ஒரு ஆள். அவ்வளவுதான் தேவை.”

அன்று பிற்பகல் மில்லில் நாலைந்து பெண்கள் அரிசியோடு காத்திருந்தார்கள். அவர்களில் ஹுஸ்னியாவும் இருந்தாள். லைலாவைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அக்கா முறை வைத்து லைலாவை ராத்தா என்று கூப்பிடுவாள். அவளுடைய மகன் அர்ஷாக் ஷிஃபானாவின் வகுப்புத்தான். வழக்கமாகக் கலகலவென்று இருக்கிற ஹுஸ்னியா அன்று வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

லைலா மெஷினை நிறுத்தினாள். கதை ஓய்ந்துபோன அந்த அமைதியில் அவளுடைய உரத்த குரல் இன்னும் உரத்துக் கேட்டது.

“என்ட மகளுக்குப் பள்ளிக்கூடத்தில இருந்து கடிதம் வந்திருக்கு. கணக்கில இருபத்திரெண்டு எடுத்ததுக்கு, ஓ.எல். எழுதத் தகுதியில்ல எண்ட மாதிரி. நான் கையெழுத்துப் போட மாட்டன்.”

ஹுஸ்னியாவின் கண்கள் நிறைந்தன.

“நான் போட்டுக் குடுத்திட்டன் ராத்தா” என்றாள். “நேற்றே போட்டுக் குடுத்திட்டன். வெளியில தெரிஞ்சா வெட்கம் எண்டு அவன்ட வாப்பாவுக்கும் சொல்லயில்ல.”

பின்னால் நின்ற இன்னொரு பெண், தன் தங்கையின் பிள்ளைக்கும் கடிதம் வந்திருக்கிறது என்றாள். அடுத்த மூன்று நாட்களில், மா அரைக்க வந்தவர்களும் அரைக்க ஒன்றும் இல்லாமல் வந்தவர்களுமாக, பதினேழு வீடுகளும் யார் யார் என்று தெரிந்துவிட்டது. எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள், வெளியில் தெரிந்தால் வெட்கம் என்று, அந்தத் தாளைத் தலையணைக்குக் கீழேயும் அலுமாரிக்குள்ளும் ஒளித்து வைத்திருந்தார்கள்.

செயலாளர் தெரிவில் யாரைப் போட்டியில் நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் றுவைஸைச் சொன்னார்கள். இரவுச் சாப்பாட்டின்போது லைலா அவனிடம் கேட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

“நான் ஒரு கூட்டத்துக்காவது போயிருக்கிறனா? கடலில நிற்கிற நேரம் கூட்டம் எண்டா நான் என்ன செய்யிறது? ஐஞ்சு வருசமா ஒரு கூட்டம் விடாமப் போறவள் நீ. நீயே போட்டியில நிண்டு கேள்.”

“பொம்பிளை செயலாளரா வந்ததில்லயே.”

“வந்ததில்ல எண்டா வரக் கூடாது எண்டு அர்த்தமா?”

லைலாவும் ஹுஸ்னியாவும் பஸ் ஏறி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். பதினான்கு பெற்றார் கையெழுத்திட்ட ஒரு மனுவை உதவிக் கல்விப் பணிப்பாளர் கமலாதேவியிடம் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

“பெற்றாரே விரும்பிச் சம்மதிச்சவை எண்டு பாடசாலை சொன்னால் நான் இங்கயிருந்து என்ன செய்யிறது? முதல்ல அந்தச் சம்மதத்தை உங்கட குழு வாபஸ் வாங்கோணும். தெரிவு நடக்கிற நாளில நான் கட்டாயம் வருவன். அது ஒழுங்கா நடக்கிறதைப் பார்க்கிறது என்ட வேலை. மிச்சம் உங்கட வேலை.”

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கையில் முனாஸ் ஹாஜியார் மில்லுக்கு வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. மெஷின் நிற்கும்வரை பொறுமையாக நின்றார். அவர் பாடசாலைக்கு எத்தனையோ உதவி செய்தவர். மண்டபத்துக் கூரைத் தகடுகூட அவருடைய கடையிலிருந்துதான் வந்தது.

“தங்கச்சி, நானும் பிள்ளைகள்ட நன்மைக்குத்தான் அந்த யோசனையைச் சொன்னனான். பள்ளிக்கூடத்துக்குப் பேர் கெட்டால் நல்லாப் படிக்கிற பிள்ளைகளைத் தாய் தகப்பன் டவுனுக்கு எடுத்திட்டுப் போயிடுவினம். பிறகு இங்க ஒருத்தரும் மிஞ்ச மாட்டினம்.”

“விளங்குது ஹாஜியார்.”

“உங்கட மகள்ட பேரை நான் சேர்க்கச் சொல்லுறன். இண்டைக்கே அதிபரோட கதைக்கிறன். இந்தப் போட்டி ஒண்டும் வேண்டாம்.”

“மற்றப் பதினாறு பிள்ளைகள்?”

அவர் தலை குனிந்தார். “எல்லாரையும் சேர்க்க ஏலாது.”

“அப்ப எனக்கும் ஏலாது ஹாஜியார். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

ஷிஃபானா கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாஜியார் போனதும் வந்து நின்றாள்.

“ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே உம்மா. என்ட பேரை அவர் சேர்க்கிறன் எண்டாரே.”

“உன்னோட ஆறாம் ஆண்டில இருந்து ஒண்டாப் படிச்ச பிள்ளைகள் அவங்க.”

“எனக்கு என்ட சோதனைதான் வேணும். நீங்க தோத்துப்போனா எனக்கு ரெண்டும் இல்ல.”

மகள் சொன்னது உண்மை. தோற்றுவிட்டால், கையில் வந்த ஒன்றைத் தானே தட்டிவிட்டவள் என்று பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சொல்லலாம். இரண்டு நாட்களாக ஷிஃபானா அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாட்களும்தான் லைலாவுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஆனாலும் அவள் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. வேட்பாளர் பெயர் கொடுக்கும் தாளை ஹுஸ்னியாவோடு போய் அதிபர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. வழக்கத்தைவிட இரு மடங்கு சனம். கதிரைகள் போதாமல் வகுப்பறைகளிலிருந்து வாங்குகளைத் தூக்கி வந்தார்கள். தாய்மார் முன்னால் இருந்தார்கள். ஆண்கள் யன்னல்களை ஒட்டி நின்றார்கள். றுவைஸ் அன்று கடலுக்குப் போகவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கமலாதேவி மேடையின் ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்தார்.

குர்ஆன் கிறாஅத் ஓதி முடிந்து, அறிக்கை வாசித்து முடிந்து, செயலாளர் தெரிவுக்கு வந்தபோது முனாஸ் ஹாஜியாரின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். லைலா கொடுத்த தாள் கையிலிருந்தும், அதிபர் “வேற ஆரும்?” என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

ஹுஸ்னியா எழுந்து நின்றாள்.

“நான் லைலாவை முன்மொழியிறன்.”

வழிமொழிய மூன்று பேர் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். யன்னல் பக்கமிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“செயலாளர் எண்டால் கல்விக் கந்தோர் வழிய அலைய வேணும், கடிதம் எழுத வேணும். ஓ.எல். எழுதாத ஒரு ஆள் என்னெண்டு அதைச் செய்யிறது?”

லைலா எழுந்து திரும்பி நின்றாள். ஒலிவாங்கியை யாரோ நீட்டினார்கள். அவள் வேண்டாம் என்றாள். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

“ஓம். நான் ஓ.எல். எழுதயில்ல. ஏன் எழுதயில்ல எண்டு இங்க இருக்கிற கனபேருக்குத் தெரியும், அந்த நேரம் உங்களிலயும் பலர் வீட்டை விட்டு நடந்தனீங்க. அதைத் தடுக்க ஒருத்தராலயும் ஏலாது. ஆனால் இந்தப் பதினேழு பிள்ளைகளை எழுத விடாமப் பண்ணுறது சண்டையுமில்ல, வெள்ளமுமில்ல. ஒரு தாள். அந்தத் தாளை எடுத்திடலாம். சோதனை எழுதாமப் போனால் பிறகு ஒரு ஆள் எங்க எங்கயெல்லாம் நிற்க வேண்டிவரும் எண்டு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் கேட்கிறன். போன வருசம் நானும் யோசிக்காமக் கையைத் தூக்கினனான். அது என்ட பிழை. இந்த முறை யோசிச்சுத் தூக்குங்க.”

அதிபர் கையை உயர்த்தி வாக்களிக்கச் சொன்னார். முன்வரிசையில் சில தாய்மார் பின்னால் திரும்பித் தங்கள் கணவன்மாரைப் பார்த்தார்கள். கமலாதேவி அதைக் கவனித்தார். எழுந்து வந்து, இரகசிய வாக்கெடுப்பு நடத்துவோம் என்று அதிபரிடம் சொன்னார். அப்பியாசக் கொப்பித் தாள்களைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினார்கள். சோக்கட்டிப் பெட்டி ஒன்று வாக்குப்பெட்டியானது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் வரிசையாக வந்து போட்டு முடிய ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

முனாஸ் ஹாஜியாருக்குத் தொண்ணூற்றாறு. லைலாவுக்கு இருநூற்றுப் பதினெட்டு.

கமலாதேவி அதை வாசித்தபோது சத்தம் கூரையில் முட்டியது. ஹுஸ்னியா லைலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். லைலா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனாஸ் ஹாஜியார் மேடையிலிருந்து இறங்கி வந்து, எட்டு வருடமாகத் தன்னிடமிருந்த கூட்ட அறிக்கைக் கொப்பியை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். “நல்லாச் செய்யுங்க தங்கச்சி” என்றார். அதை மனதாரச் சொன்னார் என்றுதான் லைலா இன்றுவரைக்கும் சொல்கிறாள்.

புதிய குழு செவ்வாய்க்கிழமை கூடியது. லைலா முதல் விடயமாகப் பதினேழு கடிதங்களை எடுத்தாள். ஏற்கெனவே வாங்கிய எட்டுச் சம்மதங்களையும் ரத்துச் செய்து, பதினேழு பேரையும் பாடசாலைப் பரீட்சார்த்திகளாக விண்ணப்பிக்க வேண்டும் என்றாள்.

“பிறகு வீதம் குறைஞ்சால் அதுக்கு ஆர் பொறுப்பு?” என்று அதிபர் கேட்டார். அவருடைய குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. “வலயத்தில என்னைத்தான் எழுப்பிக் கேட்பினம்.”

லைலா கொப்பியைத் திறந்தாள். எழுதிக்கொண்டே வாசித்தாள். “இம்முடிவால் பெறுபேறு குறையுமானால் அதற்குப் பெற்றார் சார்பில் செயலாளர் பொறுப்பேற்கிறார்.” எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொப்பியை அவர் பக்கம் திருப்பினாள்.

“அவங்க எழுப்பிக் கேட்டால் இதைக் காட்டுங்க சேர். என்னையும் கூப்பிடுங்க. வந்து உங்களுக்குப் பக்கத்தில நிற்கிறன்.”

அபூதாஹிர் சேர் அந்த வரியை ஒரு தரம் வாசித்தார். பிறகு பேனையை எடுத்து அவளுடைய பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும், பாடசாலை விட்ட பிறகு தனஞ்சயன் சேர் இரண்டு மணித்தியாலம் கணக்குப் படிப்பித்தார். தாய்மார் முறை வைத்துத் தேத்தண்ணீரும் வடையும் கொண்டுபோனார்கள். லைலா சில நாட்களில் மில்லைப் பூட்டிவிட்டு வகுப்பின் கடைசி வாங்கில் போய் இருப்பாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று சொல்வாள். ஆனால் தனஞ்சயன் கரும்பலகையில் எழுதுகிற கணக்குக்கு விடையை அவள்தான் முதலில் சொல்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஷிஃபானா தலையில் கையை வைத்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தாயும் மகளும் பழையபடி மனம் விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

மார்ச் மாதம் பதினேழு பேரும் வெள்ளைச் சீருடையில் ஒரே வாசலால் பரீட்சை மண்டபத்துக்குள் போனார்கள். எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போகும்வரை லைலாவும் ஹுஸ்னியாவும் வேலியோரம் நின்றார்கள்.

ஜூலையில் பெறுபேறு வந்தது. பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றார்கள். அர்ஷாக் கணக்கில் திறமைச் சித்தியான ‘சீ’ எடுத்தான். ஷிஃபானாவுக்குக் கணக்கில் சாதாரண சித்தி, வேறு ஆறு பாடங்களில் நல்ல பெறுபேறு. சித்தியடையாத ஐந்து பேரும் அடுத்த தடவைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பின்னேர வகுப்பு நடக்கிறது. பாடசாலையின் வீதம் முந்தைய வருடத்தைவிட ஆறு கூடியிருந்தது. பதினேழு பேரையும் வெளியே தள்ளியிருந்தால் இன்னும் கூடியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை. வலயக் கூட்டத்தில் இந்த முறையும் அபூதாஹிர் சேரை எழுப்பினார்கள், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பதற்கு.

பெறுபேறு வரும் முன்பே, பரீட்சை முடிந்த கையோடு, அடுத்த பொதுக்கூட்டம் தள்ளிப்போடாமல் மார்ச் மாதத்திலேயே நடந்திருந்தது. தன் பெயரை ஒருமனதாகப் போட்டுவிடலாம் என்று சிலர் லைலாவிடம் வந்து சொன்னபோது அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். “போட்டி வேணும். ஆருக்கு விருப்பமோ பேர் குடுக்கட்டும்” என்று மில்லுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவளோடு சேர்த்து நாலு பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி ஹுஸ்னியா.

“என்ன ராத்தா, கோவமா?” என்று அவள் கேட்டாள்.

“கோவமா? உன்னை எதிர்த்து வெல்லாட்டி எனக்கு என்ன மரியாதை” என்றாள் லைலா.

அந்த முறை வேட்பாளர்கள் நாலு பேரும் பேசினார்கள். விஞ்ஞானகூடத்தின் ஓட்டைக் கூரையைப் பற்றி, பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குப் பூட்டு இல்லாததைப் பற்றி, கேள்வி மேல் கேள்வி வந்தது. ஒரு தகப்பன் தான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று மறுபடியும் எழும்பி நின்றார். கூட்டம் முடிய இரண்டு மணியாகிவிட்டது. லைலா முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஹுஸ்னியாவை வென்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷிஃபானா வாசலிலேயே கேட்டாள்.

“போன முறை நூற்றுக்கு மேல வித்தியாசம். இந்த முறை இவ்வளவுதானா உம்மா?”

லைலா கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அவளுடைய முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

“ஓம் மகள். இந்த முறை ஒருத்தரும் சும்மா கையைத் தூக்கயில்ல.”